மூக்கைப் பொத்தாதவன்

மாயா தன் போனை என் முகத்துக்கு நேரே நீட்டியபோது மணி பதினொன்று பத்து.

"சார், இந்த போட்டோல இன்னா தெரியுது?"

யசோதரா தெரிந்தாள். ஒரு வெள்ளைக் காரின் டிரைவர் சீட்டில், பெல்ட் போட்டு, கட்டைவிரலைத் தூக்கிக்கொண்டு, வாயெல்லாம் பல்லாக உட்கார்ந்திருந்தாள். 'சார் நம்ம வண்டி' என்று கீழே எழுதி, காலையில் வேலைக்குப் போகும்போது அனுப்பியிருந்தாள்.

"சந்தோஷம் தெரியுது," என்றேன்.

"அது குருடனுக்கும் தெரியும். பெல்ட்ட பாரு சார். தோளுக்கு மேல, அந்த வளையத்தாண்ட."

பார்த்தேன். கறுப்பு பெல்ட்டின் குறுக்கே பழுப்பாக ஒரு கோடு. டீ கொட்டியிருந்தால் திட்டுத்திட்டாக இருக்கும். இது ஸ்கேல் வைத்து இழுத்த மாதிரி நேராக இருந்தது.

என் பெயர் தேசப்பன். திருவொற்றியூர் நெடுஞ்சாலையில், நட்டு போல்ட்டு கடைக்கு மேல்மாடியில் துப்பறியும் அலுவலகம் வைத்திருக்கிறேன். கொலை, கடத்தல் எல்லாம் வருஷத்துக்கு ஒன்று வந்தால் பெரிது. மற்ற நாட்களில் சோறு போடுவது கல்யாண விசாரணையும் பழைய காரும்தான். வெள்ளம் வந்து வடிந்த பிறகு, மூழ்கின கார்கள் எல்லாம் பவுடர் பூசிக்கொண்டு விற்பனைக்கு வரும். அதைக் கண்டுபிடிப்பதில் எனக்கு ஒரு பெயர் உண்டு. 'தண்ணி தேசப்பன்' என்பார்கள். புதிதாக வருகிறவர்களிடம் மாயா இதைச் சொல்லிவிட்டு, "குடிக்க மாட்டாரு, பாக்க மட்டும் செய்வாரு" என்று சேர்த்துக்கொள்வாள்.

மாயா என் உதவியாளர். வியாசர்பாடிப் பெண், ஐ.டி.ஐ.யில் மோட்டார் மெக்கானிக் படித்தவள். வாய் கொஞ்சம் நீளம். ஆனால் கண் அதைவிட நீளம்.

"கார கழுவுறவன் வெளிய தெரியிற பெல்ட்டத்தான் கழுவுவான்," என்றாள். "உள்ள சுருண்டுகினு இருக்கிறத எவன் உருவிக் கழுவுறான்? நீ ஊதுனா பறக்கிற ஆளு. நீ போட்டப்ப பாதி பெல்ட்டுதான் வெளிய வந்திருக்கும். யசோதராக்கா வாட்டசாட்டமா கீறாங்க, மொத்தமும் வந்துடுச்சு. வண்டி தோள் வரைக்கும் முங்கியிருக்கு சார். நம்மதான் போன வியாழக்கெழம 'நல்ல வண்டி'ன்னு எழுதிக் குடுத்துகிறோம்."

நம்ம என்றது அவளுடைய பெருந்தன்மை. அன்றைக்கு அவள் லீவு. பார்த்ததும் எழுதிக் கொடுத்ததும் நான் ஒருவன்தான்.

யசோதரா கொடுங்கையூர் குப்பைக் கிடங்கில் பதினோரு வருஷம் ஒப்பந்தத் தொழிலாளி. அந்தப் புகையில் இனி நிற்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மூச்சிரைப்போடு டிரைவிங் கற்று, லைசென்ஸ் எடுத்து, திங்கட்கிழமை முதல் சொந்த டாக்ஸி ஓட்டப் போகிறாள். வேலையை விடுவதாக எழுதியும் கொடுத்துவிட்டாள். இருந்த நகை எல்லாம் அந்த ஒரே வண்டிக்குள் போகிறது. இன்று மூன்று மணிக்கு, பழைய கார் விற்கும் ஜோபினின் ஷெட்டில் கடைசிக் கையெழுத்து.

"மூழ்கின வண்டி ரெண்டு மாசம் நல்லா ஓடும். அப்புறம் ஒயரெல்லாம் பூத்துப்போயி நடுரோட்டுல நின்னுடும்," என்றாள் மாயா. "வாங்காதீங்கன்னு மெசேஜ் போட்டேன், பாக்கல. ஷிப்ட் முடியிற வரைக்கும் அவங்க போன் சூப்பர்வைசர் ரூம்ல இருக்கும். அட்வான்ஸ் வேற குடுத்துட்டாங்க. சும்மா வேணாம்னா ஜோபின் தரவே மாட்டான். போட்டோ மட்டும் காட்டுனா வேற வண்டி பெல்ட்டுன்னுவான். நமக்கு சாட்சி வேணும். ஆமா, கார்பெட்ட தூக்கிப் பாத்த தானே?"

"பாத்தேன்."

"காஞ்சு கெடந்துச்சா?"

"காஞ்சுதான் கிடந்தது."

பொய். சுத்தப் பொய். முப்பது வருஷம் இதே தொழிலில் இருந்துவிட்டு, இருபத்தேழு வயதுப் பெண்ணிடம் கூசாமல் பொய் சொன்னேன்.

நடந்தது இதுதான். வியாழக்கிழமை ஜோபின் கார் கதவைத் திறந்ததும் கருவாட்டு நாற்றம் குப்பென்று அடித்தது. "கொஞ்சம் மூக்கைப் பொத்திக்கோங்க சார். நெட்டுக்குப்பம் பூவம்மான்னு ஒரு கருவாட்டுக்காரம்மா ஓட்டின வண்டி. அந்த ஆளுங்களுக்கு இதெல்லாம் நாறாது," என்று சிரித்தான். எனக்கு சுர்ரென்று ஏறியது. "எனக்கும் நாறலையே," என்று சொல்லிவிட்டு உள்ளே ஏறிக் கண்ணாடியை மூடிக்கொண்டேன். கூரைமேல் பைப்பில் தண்ணீர் அடிக்கச் சொல்லி, கதவு ரப்பர், டிக்கி, பின்விளக்கு எல்லாம் ஒழுங்காகப் பார்த்தேன். ஒரு சொட்டு ஒழுகவில்லை. கடைசியாக கார்பெட்டில் கை வைத்தேன். "நல்லா தோண்டிப் பாருங்க சார், செதிலு குடலு எல்லாம் கிடைக்கும்," என்றான். கையை எடுத்துவிட்டேன். என் படிவத்தில் பதினொன்றாவது வரி, 'தரைவிரிப்பு தூக்கிப் பார்த்தது'. அதில் டிக் போட்டுக் கையெழுத்தும் போட்டேன்.

ஏனென்றால் நான் அந்த நெட்டுக்குப்பத்தில், மீன்காரர் வீட்டில் பிறந்தவன். அந்தப் பெயரைச் சொல்லி ஒருவன் மூக்கைப் பொத்தச் சொன்னால் பொத்த மாட்டேன். அதே சமயம், நான் அந்த ஊர்தான் என்று வாயைத் திறந்து சொல்லவும் மாட்டேன். மாயாவுக்கே நான் திருவொற்றியூர்க்காரன் என்றுதான் தெரியும்.

"ஆர்.சி.ல இருக்கிற பேரு வேலப்பன்," என்றாள் மாயா எங்கள் படிவ நகலைப் புரட்டிக்கொண்டே. "பூவம்மாவோட மருமகன்னு ஜோபின் சொன்னதா நீயே எழுதிகீற. கெளம்பு சார், நெட்டுக்குப்பம் போயி அந்தம்மாவயே கேட்டுடலாம்."

"முதல்ல ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல விசாரிக்கலாமே."

"அங்க டோக்கன் வாங்குறதுக்குள்ள யசோதராக்கா பேரனையே பாத்துடுவாங்க. கெளம்பு."

கிளம்பினேன். எண்ணூர் சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நின்றன. அவற்றின் இடுக்கில் ஸ்கூட்டரை நுழைத்து நுழைத்து, கழிமுகத்தை ஒட்டிய நெட்டுக்குப்பத்தை அடையும்போது பன்னிரண்டரை ஆகிவிட்டது. ஹெல்மெட்டைக் கழற்றாமலே நடந்தேன்.

"மண்ட மேல தேங்கா விழுமா சார் இங்க?" என்றாள் மாயா. தென்னை மரமே இல்லாத இடம் அது. ஹெல்மெட்டைக் கழற்றினேன்.

கரையில் வலை விரித்து ஒரு அம்மாள் நெத்திலியைத் துழாவிக்கொண்டிருந்தாள். அறுபது வயதிருக்கும். என்னைப் பார்த்ததும் நிமிர்ந்து, கண்ணுக்கு மேல் கை வைத்தாள்.

"டேய், தேசா. நம்ம மேட்டு வூட்டு தேசன் தானே நீ? பொறந்த ஊருக்கு இப்பதான் வழி தெரிஞ்சுதா?"

மாயா மெதுவாக என் பக்கம் திரும்பினாள்.

"நல்லாருக்கியா பூவம்மா அத்த?" என்றேன். இருபது வருஷமாக நான் யாரையும் அப்படிக் கூப்பிட்டதில்லை.

மாயா காரின் போட்டோவைக் காட்டினாள். "இது உங்க வண்டியாம்மா? உங்க மருமகன் வேலப்பன் பேர்ல கீது."

பூவம்மா போனை வாங்கி, தூரத் தள்ளிப் பிடித்துப் பார்த்தாள். "எனக்கு பொண்ணே கெடையாது. மருமகன் எங்கேந்து வருவான்? கார் வேறயா? நான் ஷேர் ஆட்டோல கூடய வெச்சுகினு போறவ."

மாயா அடுத்து ஜோபினின் போட்டோவைக் காட்டினாள். அவன் கடை விளம்பரத்தில் கோட்டு போட்டு நின்றான்.

"தோ, இந்த ஆளு. போன வாரம் வந்தானே. நல்ல நெத்திலி, வஞ்சிரம், எல்லாம் காட்டுனேன். எதுவும் வேணாம், கெட்டுப்போனது இருந்தா குடுன்னான். மழைல நனைஞ்சு புழு வெச்சது ரெண்டு கிலோ, கொட்றதுக்கு ஒதுக்கி வெச்சிருந்தேன். அத கேட்டு வாங்கிகினு போனான். கோழிக்கான்னு கேட்டேன். காருக்குன்னான். எங்க வூட்டு பசங்க எல்லாம் சிரிச்சுதுங்க."

"பொய் சொல்றவனுக்கு புதுசா ஒரு பேர் யோசிக்கக்கூட சோம்பேறித்தனம்," என்றாள் மாயா. "கருவாடு வாங்குன எடத்துலயே ஓனரையும் வாங்கிகினான்."

"ஆனா எதுக்கு?" என்று கேட்டேன். உண்மையிலேயே எனக்கு விளங்கவில்லை. மூழ்கின காரின் சாக்கடை வாடையை மறைக்க எத்தனையோ வழி இருக்கிறது. வாசனைத் திரவம், ஊதுபத்தி, காபித்தூள். கருவாடு எதற்கு?

பூவம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அந்த வண்டில நீ ஏறுனியா?"

"ஏறினேன்."

"நாறுச்சா?"

கையிலிருந்த ஹெல்மெட்டின் வாரை இழுத்துவிட்டேன்.

"நல்லா காஞ்ச கருவாடு அப்டி நாறாதுடா. மணக்கும். நாறுதுன்னா எங்கியோ ஈரம் பட்டிருக்குன்னு அர்த்தம். கருவாடு ஏத்துன வண்டி நாறுதுன்னா, வண்டில தண்ணி கீதுன்னு கொயந்தைக்கிகூட தெரியும். கொப்பத்துல பொறந்தவன், உனக்கு தெரியாதா?"

தெரியும். நடக்கத் தெரிந்த நாளிலிருந்து தெரியும். என் அம்மா நெத்திலியை முகர்ந்தே ஈரம் சொல்லுவாள், எனக்கும் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தாள். அன்றைக்கு அந்தக் காரில் மூக்கை ஒரே ஒரு தரம் வேலை செய்ய விட்டிருந்தால் போதும். நாற்றமே இல்லை என்று காட்டுவதில்தான் இருபது நிமிஷமும் போயிற்று.

"சார்," என்றாள் மாயா, தணிந்த குரலில். "கார்பெட்ட தூக்கிப் பாக்கல இல்ல?"

"இல்ல."

"சரி. இவங்களயும் கூட்டிகினு போலாம். நான் ஷேர் ஆட்டோல வந்துடறேன்."

நக்கலாக ஏதாவது சொல்லியிருந்தால் திருப்பிச் சொல்லித் தப்பித்திருப்பேன். அவள் திரும்பிப் பார்க்காமல் நடந்துவிட்டாள்.

பூவம்மா கூடையோடு என் ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்தாள். திருவொற்றியூர் சிக்னலில் நின்றபோது, பக்கத்து பைக்கில் இருந்த பெண் துப்பட்டாவை மூக்கில் வைத்துக்கொண்டாள். தெரிந்தவர்கள் யாரும் பார்க்கக் கூடாதே என்று எனக்குத் தோன்றியது. தோன்றிவிட்டதே என்று என்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. பின்னால் பூவம்மா கூடைமேல் துணியை இழுத்து மூடும் சத்தம் கேட்டது.

ஜோபினின் ஷெட் வாசலில் மாயாவும் வந்து சேர்ந்துகொள்ள, உள்ளே நுழையும்போது மணி இரண்டு ஐம்பது. யசோதரா ஏற்கனவே வந்துவிட்டிருந்தாள். குளித்து, பட்டுச்சேலை கட்டி, ஒரு கையில் ஸ்வீட் டப்பாவும் மறு கையில் பேனாவுமாக மேசை முன்னால் உட்கார்ந்திருந்தாள். மாயாவின் மெசேஜைப் பார்த்த மாதிரி தெரியவில்லை. சுற்றிலும் ஏழெட்டு பேர் மற்ற கார்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"கையெழுத்துப் போடாதீங்க," என்றேன்.

அவள் பேனாவை வைத்துவிட்டாள். ஏன் என்றுகூடக் கேட்கவில்லை. அது எனக்கு அப்போது விநோதமாகப் படவில்லை.

மாயா நேரே காருக்குப் போய்க் கதவைத் திறந்தாள். பெல்ட்டைக் கடைசி வரை உருவிக் கோட்டைக் காட்டினாள். பிறகு ஓட்டுநர் சீட்டுக்குக் கீழே கார்பெட்டின் ஓரத்தைக் கிளப்பி, அடியிலிருந்த பஞ்சை ஒரு பிடி பிழிந்தாள். கறுப்புத் தண்ணீர் ஒழுகியது. சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பையை இழுத்து வெளியே போட்டாள். பூவம்மா குனிந்து பார்த்தாள்.

"என் சரக்குதான். புழுகூட அதேதான்."

நான்கு பேர் சிரித்தார்கள். ஜோபின் அசரவில்லை. மேசையைத் திறந்து ஒரு தாளை எடுத்து, எல்லோருக்கும் தெரிகிற மாதிரி பிடித்தான். என் படிவம்.

"இது யார் கையெழுத்து சார்? பதினொன்னாவது பாயின்ட், கார்பெட் தூக்கிப் பார்த்தது, டிக். சிஸ்டர் உங்களை நம்பித்தான் அட்வான்ஸ் கொடுத்தாங்க. வியாழக்கிழமை உலர்ந்திருந்தது இன்னைக்கு நனைஞ்சிருக்குன்னா, நடுவுல எவன் தண்ணி ஊத்தினானோ எனக்கென்ன தெரியும்?"

பிறகு என் தோளில் கை போட்டு, ஒரு ஓரமாக நகர்த்தி, காதோடு சொன்னான். "என்னைத் தெரியலையா சார்? உங்க கூட படிச்ச பெனட்டோட தம்பி. உங்களைப் பார்த்து யாராவது மூக்கைப் பொத்தினா அடிக்கப் பாய்வீங்களாமே, அண்ணன் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான். செக்கிங்குக்கு நீங்க வர்றீங்கன்னு சிஸ்டர் சொன்னதும்தான் கருவாடு வாங்கப் போனேன். வேற ஆள்னா ஊதுபத்திதான் கொளுத்தி வச்சிருப்பேன். இப்ப நீங்க பேசாம போனா நானும் பேசாம இருப்பேன். இத்தனை பேர் முன்னாடி, ஏன் தூக்கலைன்னு கேட்டா என்ன சொல்வீங்க?"

காது மடல் வரை எரிந்தது. என் தொழில் தந்திரம் எல்லாம் தெரிந்துகொண்டு ஏமாற்றியிருந்தால்கூடப் பரவாயில்லை. என் வெட்கத்தின் அளவெடுத்து, அதற்குத் தக்கபடி இரண்டு கிலோ வாங்கி வைத்திருக்கிறான். அது சரியாகப் பொருந்தியும்விட்டது.

அவன் கையை உதறிவிட்டு நடுவில் வந்து நின்றேன்.

"அந்த பதினொன்னாவது டிக் பொய்," என்றேன். "நான் கார்பெட்டைத் தூக்கவே இல்லை."

ஷெட்டே திரும்பிப் பார்த்தது. ஜோபின் கையைக் கட்டிக்கொண்டான். "ஏன் சார் தூக்கலை?"

"நான் நெட்டுக்குப்பத்து ஆள். மீன்காரன் வீட்டுப் பிள்ளை. மீன்காரங்க வண்டி நாறும்னு இவன் சொன்னான். எனக்கு நாறுச்சு. நாறுதுன்னு சொன்னா என் ஆளுங்களையே சொன்ன மாதிரி ஆகிடும்னு வாயை மூடிக்கிட்டேன். அந்த ஊர்க்காரன்னு சொல்லவும் கூச்சமா இருந்தது. அதனாலதான் சரியா பாக்காம கையெழுத்துப் போட்டேன்." யசோதரா வைத்த பேனாவை எடுத்தேன். "தப்பு பூராவும் என்னோடது. அதை எழுதியே கொடுக்கிறேன்."

அவன் கையிலிருந்த தாளை வாங்கி, குறுக்கே 'இது பொய்ச் சான்று' என்று எழுதி, கீழே கையெழுத்திட்டு, தேதியும் போட்டேன். பூவம்மாவை ஏறிட்டுப் பார்க்கும் தைரியம் எனக்கு இல்லை. அவள் கூடையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, வாசல் பக்கமாகத் தள்ளி நின்றாள்.

"மாமு," என்றாள் மாயா ஜோபினைப் பார்த்து. அவள் போன் எல்லாவற்றையும் படம் பிடித்துக்கொண்டிருந்தது. "இன்னும் எட்டு வண்டி நிக்குது. ஒவ்வொண்ணா கார்பெட்ட தூக்கலாமா, இல்ல அக்காவோட அட்வான்ஸ குடுக்கறியா?"

மற்ற கார்களைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் குனிந்து, தான் பார்த்த காரின் தரையை அழுத்திப் பார்த்தார். அதைக் கண்டதும் ஜோபின் மேசை இழுப்பறையைத் திறந்து, பணத்தை அப்படியே எடுத்து யசோதராவின் கையில் வைத்தான்.

வெளியே வந்தோம். யசோதரா ஸ்வீட் டப்பாவைப் பிரித்து முதலில் பூவம்மாவுக்கும், பிறகு மாயாவுக்கும், கடைசியாக எனக்கும் நீட்டினாள். எடுத்துக்கொண்டேன். வாயில் வைக்க முடியவில்லை.

"மன்னிச்சிடும்மா," என்றேன். "உங்க பொழப்பையே மூழ்கடிக்க இருந்தேன்."

"எனக்கும் தெரிஞ்சுது சார்," என்றாள்.

"என்னது?"

"மொத நாளே தெரிஞ்சுது. கருவாட்டுக்கு அடியில சாக்கட நாத்தம். பதினோரு வருசமா அதுலயே கெடக்கிறேன், எனக்கு தெரியாத நாத்தமா? சொல்லலாம்னு வாய் வரைக்கும் வந்துச்சு. குப்ப லாரில போறவளுக்கு கார் நாறுதாம்னு அந்த ஆளு சிரிப்பானேன்னு வுட்டுட்டேன். நீங்க படிச்சவரு, தொழில் தெரிஞ்சவரு. கண்ணாடிய மூடிகினு உள்ள ஒக்காந்தீங்க. இப்ப சொல்வாரு, இப்ப சொல்வாருன்னு வெளிய நின்னு உங்க மொகத்தையே பாத்துகினு இருந்தேன்."

ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"திங்கக்கெழமைக்குள்ள வேற வண்டி பாக்கணும் சார்," என்றாள். குரலில் கோபம் கொஞ்சமும் இல்லை. "நாளைக்கு ராயபுரத்துல ஒண்ணு சொல்லிகிறாங்க. மாயாவ மட்டும் அனுப்புங்க."

"சரிம்மா," என்றேன்.